96 விழுக்காட்டில் அறுந்துவிட்டதா? முதலில் எதையும் அழிக்காதீர்கள்

ஒரு சனிக்கிழமை காலை கோலாலம்பூர் செந்தூலிலிருந்து அக்கா மகன் அழைத்தான். "மாமா, 38 ஜிபி டவுன்லோடு. 96 விழுக்காட்டுல அறுந்துருச்சு. அழிச்சிட்டு மறுபடியும் போட்டுட்டேன்." கடைசியில் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. லைன் அறுந்தது அவன் தப்பில்லை. ஆனால் வந்து சேர்ந்திருந்த 36 ஜிபியைத் தூக்கிப் போட்டது அவன் கைதான்.

நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் பழைய அடுக்குமாடி ஒன்றின் பத்தாவது மாடியில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். எங்கள் கட்டடத்துக்கு இன்னும் ஃபைபர் ஏறவில்லை. சிம் போட்ட மோடத்தை ஜன்னலோரம் வைத்துக் காலம் தள்ளுகிறேன். நல்ல நாளில் 8 எம்பிபிஎஸ் வரும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் அது நொடிக்கு 1 எம்பிதான். அப்படியானால் 1 ஜிபிக்கு ஏறக்குறைய 17 நிமிடம், 38 ஜிபிக்குப் பத்தரை மணி நேரம். உங்கள் லைனுக்கும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பத்தரை மணி நேரக் கோப்பு பத்தரை மணி நேரத்தில் வந்தால் அது கோளாறு இல்லை, அவ்வளவுதான் லைன். ஒன்பது மணி நேரம் இறக்கியதையே மறுபடி இறக்க வேண்டி வந்தால் அதுதான் கோளாறு. கீழே இருப்பது பெரும்பாலும் அந்தக் கோளாறைப் பற்றித்தான். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்ப் படிக்கலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே: கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

"அறுந்துவிட்டது, மறுபடி போட்டால் பூஜ்யத்திலிருந்து போகிறது"

என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். தலைப்பில் சொன்னதைத் திரும்பவும் சொல்கிறேன், எதையும் அழிக்காதீர்கள். பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பாருங்கள். குரோம் அரைகுறைக் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'சிஆர்டவுன்லோட்' என்று ஒரு வால் ஒட்டி வைத்திருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 'பார்ட்' என்று ஒட்டும். அதோடு, கோப்பின் சொந்தப் பெயரிலேயே 0 பைட் அளவில் ஒரு வெற்றுக் கோப்பையும் இடம்பிடிக்க வைத்திருக்கும். அந்த 0 பைட்டைப் பார்த்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று இரண்டையும் சேர்த்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். சரக்கெல்லாம் பக்கத்தில் இருக்கும் வால் ஒட்டிய கோப்பில்தான் இருக்கிறது. முதல் வேலையாக அதை வேறொரு கோப்புறையில் நகல் எடுத்து வையுங்கள்.

அப்புறம், ஏன் பூஜ்யத்திலிருந்து போகிறது என்று பார்ப்போம். விட்ட இடத்திலிருந்து தொடர உங்கள் உலாவி மட்டும் மனம் வைத்தால் போதாது, அந்தப் பக்கத்து சர்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும். உலாவி "இத்தனையாவது பைட்டிலிருந்து கொடு" என்று கேட்கும். ஒத்துக்கொள்ளும் சர்வர் 206 என்ற எண்ணோடு மிச்சத்தை மட்டும் அனுப்பும். ஒத்துக்கொள்ளாத சர்வர், கேட்டது காதில் விழாத மாதிரி 200 என்று சொல்லி முதலிலிருந்து எல்லாவற்றையும் அனுப்பும். 1997இல் வெளிவந்த எச்டிடிபி 1.1 விதிமுறையிலேயே இந்த வசதி இருக்கிறது. இருந்தும் இன்றைக்கும் அதைச் செய்யாத சர்வர்கள் உண்டு.

அது எந்த ரகம் என்பதை 96 விழுக்காட்டில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது, முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பதிவிறக்கத்தைத் தொடங்குங்கள். 20 எம்பி வரட்டும். இடைநிறுத்தம் அழுத்துங்கள். வைஃபையை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். தொடர் என்பதை அழுத்துங்கள். 20இலிருந்து நகர்ந்தால் தைரியமாக விட்டுவிட்டுப் போய்ப் பசியாறலாம். 0இலிருந்து நகர்ந்தால் அந்த இணைப்பை நம்பி ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம், வேறு வழி தேடுங்கள். எந்தப் பெரிய கோப்பானாலும் நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் தொடங்குவதில்லை.

சர்வர் ஒத்துக்கொள்கிறது, உலாவிதான் 'தோல்வி' என்று காட்டிவிட்டுத் தொடர மறுக்கிறது என்றால் அந்த அரைகுறைக் கோப்பைக் காப்பாற்ற முடியும். டபிள்யூகெட் என்ற இலவசக் கருவியை நிறுவுங்கள். நகல் எடுத்து வைத்த கோப்பின் வாலை நீக்கி, அசல் பெயரைக் கொடுங்கள். அந்தக் கோப்புறையில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து டபிள்யூகெட், ஓர் இடைவெளி, கோடு போட்டு 'சி', ஓர் இடைவெளி, பிறகு இணைப்பு முகவரி என்று கட்டளை கொடுங்கள். முகவரியை மேற்கோள் குறிக்குள் வைக்க மறக்காதீர்கள். முகவரியில் இருக்கும் 'அண்ட்' குறி கட்டளையை இரண்டாக வெட்டிவிடும். டபிள்யூகெட் இருக்கிற அளவை எண்ணிப் பார்த்து, மிச்சத்தை மட்டும் கேட்கும். உலாவி கோப்பை முதலிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு வருவதால்தான் இது வேலை செய்கிறது. ஒரே கோப்பை எட்டுத் துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இறக்கும் பதிவிறக்க மேலாளர்களின் அரைகுறைக் கோப்பில் இதைச் செய்யாதீர்கள். அதில் நடுவில் நடுவில் ஓட்டை இருக்கும். அளவைப் பார்த்தால் தெரியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்கா மகன் மாட்டிக்கொண்டது அதில்தான். மேகச் சேமிப்பில் ஒரு கோப்புறையை முழுதாகத் தேர்ந்தெடுத்து 'பதிவிறக்கு' என்றால், சர்வர் அந்த நேரத்திலேயே ஜிப் கட்டிக்கொண்டே அனுப்பும். மொத்த அளவு அதற்கே முன்கூட்டித் தெரியாத நேரமும் உண்டு. அப்போது உலாவியில் விழுக்காடு காட்டாது, 'இவ்வளவு எம்பி வந்தது' என்று மட்டும் ஓடும். அப்படி ஓடினால் உஷாராகுங்கள். கட்டிக்கொண்டிருக்கும் மூட்டையை நடுவிலிருந்து கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. கோப்புறையைத் திறந்து ஒவ்வொரு கோப்பாக இறக்குங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அறுந்தால் ஒரு கோப்புதான் போகும். அனுப்புகிறவர் உங்கள் ஆள் என்றால் இன்னும் நல்லது: செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் 500 எம்பித் துண்டுகளாக வெட்டி ஏற்றச் சொல்லுங்கள். 38 ஜிபி 76 துண்டு ஆகும். ஒரு துண்டு கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். வீடியோவைச் சுருக்கச் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது ஏற்கனவே சுருங்கியதுதான். வெட்டினால் போதும்.

"தொடர் அழுத்தினால் 'அனுமதி இல்லை' என்கிறது"

403 என்ற எண் வந்தால் பெரும்பாலும் இணைப்பின் ஆயுள் முடிந்துவிட்டது. பல சேவைகள் தரும் பதிவிறக்க முகவரி சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். மெதுவான லைன்காரனுக்கு இது பெரிய அநியாயம், ஆறு மணி நேர முகவரியில் பத்தரை மணி நேரக் கோப்பு. அரைகுறைக் கோப்பு கெட்டுவிடவில்லை, முகவரிதான் செத்துவிட்டது. அதே பக்கத்துக்குத் திரும்பப் போய்ப் புது முகவரி எடுங்கள். ஐடிஎம் போன்ற பதிவிறக்க மேலாளர்களில், பழைய பதிவிறக்கத்துக்குப் புது முகவரி கொடுக்கும் வசதி இருக்கிறது. டபிள்யூகெட்டில் அரைகுறைக் கோப்பின் பெயரையே வெளியீட்டுப் பெயராகக் கொடுத்துப் புது முகவரியைப் போட்டால் தொடரும்.

தொடர்வதற்கு முன் இரண்டு முகவரியும் காட்டும் மொத்த அளவு ஒன்றுதானா என்று பாருங்கள். இடையில் அனுப்பியவர் திருத்திய கோப்பை அதே பெயரில் மாற்றி ஏற்றியிருந்தால், தலை ஒன்று உடம்பு வேறொன்றாக ஒட்டி வரும். திறக்கவே திறக்காது.

உள்நுழைந்தால் மட்டுமே கிடைக்கும் கோப்பு என்றால் வெறும் முகவரியை மேலாளரிடம் கொடுத்துப் பயனில்லை. உங்கள் உள்நுழைவு உலாவியின் குக்கியில் இருக்கிறது. மேலாளரின் உலாவி நீட்சியை நிறுவினால் குக்கியையும் சேர்த்து எடுத்துப் போகும்.

"எண் நகரவே இல்லை, பிழை என்றும் காட்டவில்லை"

சிம் மோடத்திலும் ஹாட்ஸ்பாட்டிலும் இது அடிக்கடி நடக்கும். இடையில் இணைப்பு அறுந்து வேறு ஐபி முகவரியோடு மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய இணைப்பு செத்த செய்தியை யாரும் உங்கள் கணினிக்குச் சொல்லவில்லை. அது வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உலாவி என்றால் இடைநிறுத்தித் தொடருங்கள். டபிள்யூகெட் என்றால், அது தானாக விட்டுக்கொடுக்க 900 நொடி, அதாவது கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 20 தடவை முயன்ற பிறகு கைவிடவும் செய்யும். காத்திருப்பு நேரத்தை 30 நொடியாகக் குறையுங்கள், முயற்சி எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். இங்கே 0 என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் என்று பொருள். இந்த இரண்டு எண்ணையும் மாற்றிய பிறகு என் ராத்திரிப் பதிவிறக்கங்கள் முக்கால்வாசி பிழைத்துக்கொண்டன.

"ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் 12 விழுக்காடு"

கணினியும் தூங்கிவிட்டது. விண்டோஸில் மின் அமைப்புக்குப் போய், மின் இணைப்பில் இருக்கும்போது உறக்கம் 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றுங்கள். திரை அணைந்தால் பரவாயில்லை. மடிக்கணினியின் மூடியைச் சாத்தாதீர்கள். மேக்கில் 'கஃபினேட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை கணினி தூங்காது. பெயர் வைத்தவர் காப்பிப் பிரியராக இருக்க வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட் என்றால் கைப்பேசியைச் சார்ஜில் போடுங்கள், மின் சேமிப்பு முறையை அணையுங்கள்.

"சாயங்காலம் ஆனால் ஊர்கிறது"

இங்கே ஆட்கள் நேராக இணைய நிறுவனத்தை அழைத்துத் திட்டத் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் பழைய நிறுவனத்துக்கு ஒரே மாதத்தில் ஐந்து தடவை அழைத்தேன். ஒவ்வொரு தடவையும் "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். கடைசியில் பார்த்தால் தப்பு என் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

தப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்க்கும் 'பிங்' கட்டளை இரண்டு தடவை போதும். கட்டளைச் சாளரத்தில் முதலில் உங்கள் ரவுட்டருக்கு அனுப்புங்கள். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. பதில் ஒற்றை இலக்க மில்லி நொடியில் சீராக வர வேண்டும். 3, 4, 280, பதில் இல்லை, 5 என்று துள்ளினால் கோளாறு உங்கள் கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் இருக்கிறது, வெளி லைனைக் குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டர் சீராக இருந்தால் அடுத்து வெளி இணையத்தில் இருக்கும் 1.1.1.1 அல்லது 8.8.8.8க்கு அனுப்புங்கள். அங்கே துள்ளினால் அப்போது நிறுவனத்தை அழையுங்கள். எத்தனை பதில் தவறியது, எந்த மணிக்கு என்று எழுதி வைத்துக்கொண்டு பேசினால், எதிர்ப்பக்கத்திலும் பேச்சு மாறும்.

என் வீட்டில் ரவுட்டர் பக்கமே துள்ளியது. அடுக்குமாடியில் மேலே, கீழே, இடம், வலம் என்று எல்லா வீட்டிலும் ஒரு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத தடங்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஏழு மணிக்கு எல்லாரும் வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் திறந்தால் அந்த மூன்று தடத்தில் முப்பது வீடு ஓடும். நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது, பக்கத்து வீட்டு அம்மா சோறு சூடாக்கும்போது என் பதிவிறக்கம் தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தடங்கள் அதிகம், கூட்டம் குறைவு. ஆனால் அது சிமெண்டுச் சுவரைத் தாண்ட ரொம்பத் தயங்கும், அதே அறையில் இருந்தால்தான் சுகம். நான் கடைசியில் செய்தது கம்பி. கூடத்திலிருந்து படுக்கையறைக்குச் சுவரோரமாக ஒரு லேன் கம்பி. வீட்டுக்காரி ஒரு வாரம் முறைத்தாள். பெரிய கோப்பு இறக்குகிற கணினிக்கு மட்டுமாவது கம்பி போடுங்கள், மற்றதெல்லாம் வைஃபையில் இருக்கட்டும்.

பழைய அடுக்குமாடிகள் சிலவற்றில் கட்டடத்தின் அடிவரை ஃபைபர் வந்து, அங்கிருந்து வீட்டுக்குத் தொலைபேசிச் செம்புக் கம்பியில் ஏறும். மழை நாளில் அறுக்கிற லைன் என்றால், கட்டடத்தின் அந்த இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கலாம். அதைச் சொல்லிப் புகார் கொடுங்கள்.

சிம் மோடக்காரர்களுக்கு: மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று சிக்னல் வலிமையைக் காட்டும் ஒரு எண் இருக்கும். −90 அல்லது பூஜ்யத்துக்கு அதைவிட நெருக்கம் என்றால் நல்லது. −110ஐத் தாண்டிக் கீழே போனால் கஷ்டம். மோடத்தை வீட்டில் நான்கு இடத்தில் வைத்து இந்த எண்ணை எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஜன்னலுக்கும் கூடத்துக்கும் 14 வித்தியாசம் இருந்தது. அலமாரியில் கிடக்கும் பழைய 3ஜி டோங்கிளைத் தூசி தட்டி எடுக்க வேண்டாம். மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு மூடப்பட்டுவிட்டது.

சிக்னலும் சரி, கம்பியும் சரி, இருந்தும் ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை ஊர்கிறது என்றால் அது கோபுரத்தில் இருக்கும் கூட்டம். உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் இறக்காதீர்கள். பதிவிறக்க மேலாளர்களில் நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது. நான் ராத்திரி ஒன்றிலிருந்து காலை ஆறு வரை என்று வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் இன்னொரு தொல்லையும் உண்டு. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் என்று பருவக்காற்று மாறும் மாதங்களில் நம் மேற்குக் கரையில் பின்னேரம் இடியும் மின்னலும் வழக்கம். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது என்று நிம்மதியாக இருப்பவர்கள், மோடத்தின் அடாப்டர் சுவர் மின்சாரத்தில் செருகியிருப்பதை மறந்துவிடுகிறார்கள். வானம் கறுத்தால் பதிவிறக்கத்தை இடைநிறுத்துங்கள், அடாப்டரைப் பிடுங்குங்கள். தொடரக்கூடிய கோப்பு என்று முதல் நிமிடத்திலேயே சோதித்திருந்தால் பிடுங்கும்போது மனசு அடித்துக்கொள்ளாது.

"மற்றதெல்லாம் ஓடுகிறது, இந்த ஒரு தளம் மட்டும் மெதுவு"

சர்வர் தொலைவில் இருக்கலாம். அமெரிக்காவிலிருந்து ஒரு பொட்டலம் (கோப்பு இப்படிச் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் வருகிறது) வந்து, 'கிடைத்தது' என்ற பதில் திரும்பிப் போக 200 மில்லி நொடிக்கு மேல் ஆவது சாதாரணம். வழியில் ஒரு பொட்டலம் தவறினால் அனுப்புகிற சர்வர் வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு, பதில்கள் வர வர மெல்ல மெல்லத்தான் ஏற்றும். தூரம் அதிகம் என்றால் அந்த ஏற்றமும் நிதானம். ஏறி முடிப்பதற்குள் அடுத்தது தவறும். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து வரும் கோப்பு பாய்கிறது, அதே லைனில் அமெரிக்கக் கோப்பு நொண்டுகிறது.

முதல் வழி, அதே கோப்பின் நகலை வைத்திருக்கும் பக்கத்துக் கண்ணாடித் தளத்தைத் தேர்ந்தெடுப்பது. லினக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் மாதிரியான திறந்த மென்பொருள்களுக்கு நிறைய நாட்டில் கண்ணாடித் தளங்கள் இருக்கின்றன. பட்டியலில் சிங்கப்பூர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்துங்கள். இரண்டாவது வழி, ஒரே கோப்பைப் பல இணைப்பில் இறக்குவது. ஒரு இணைப்பு நொண்டினாலும் மற்றவை ஓடும். அரியா2 என்ற இலவசக் கருவி ஒரே சர்வரோடு அதிகபட்சம் 16 இணைப்பு வைத்துக்கொள்ளும். நான் 4க்கு மேல் போவதில்லை. அதிகம் கேட்டால் சில சர்வர்கள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். அரியா2 கோப்புக்குப் பக்கத்திலேயே தன் பெயரில் ஒரு குட்டிக் கோப்பை வைத்திருக்கும். எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்து அழித்தால் கணக்குப் புத்தகத்தையே எரித்த மாதிரி.

சில நாள் ஊரே மெதுவாகும். அப்போது கடலடிக் கேபிளில் கோளாறா என்று செய்தியைப் பாருங்கள். 2006 டிசம்பர் 26 தைவான் நிலநடுக்கத்தில் பல கேபிள்கள் ஒரே நேரத்தில் அறுந்து, தென்கிழக்காசியா முழுக்க இணையம் வாரக்கணக்கில் திண்டாடியது. தென் ஆப்பிரிக்காவிலிருந்து மொரிஷியஸ், கொச்சி வழியாக வரும் 'சேஃப்' கேபிளும், சென்னையைத் தொட்டு வரும் 'பே ஆஃப் பெங்கால் கேட்வே' கேபிளும் கரையேறுவது இதே பினாங்கில்தான். உலகத்தின் இணையம் எங்கள் ஊர்க் கரையில் ஏறுகிறது, எங்கள் கட்டடத்துப் பத்தாவது மாடிக்குத்தான் ஏற மாட்டேன் என்கிறது.

"சரியாக 4 ஜிபியில் நிற்கிறது"

இணையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் சேமிக்கும் பென்டிரைவ் அல்லது மெமரி அட்டை ஃபேட்32 வடிவில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டவே முடியாது. வட்டில் 100 ஜிபி காலியாக இருந்தாலும் இதே கதைதான். உள்ளே இருப்பதை வேறு இடத்தில் வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றுங்கள். அவசரம் என்றால் கணினியின் உள் வட்டுக்கு இறக்குங்கள்.

"முழுதாக வந்தது, ஆனால் திறக்கவில்லை"

முதலில் அளவைப் பாருங்கள். 4 ஜிபி வர வேண்டிய இடத்தில் 12 கேபி வந்திருந்தால் அது கோப்பே இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு வந்த வலைப்பக்கம். நோட்பேடில் திறந்தால் 'உள்நுழைக' என்றோ 'வைஃபை பயன்படுத்த ஒப்புக்கொள்க' என்றோ எழுதியிருக்கும். காப்பிக் கடை, தங்கும் விடுதி வைஃபைகளில் அரை மணிக்கொரு தடவை அந்தப் பக்கம் தலைகாட்டும். பதிவிறக்கம் அந்த நேரம் பார்த்துத் தொடரப் போனால் சர்வருக்குப் பதில் இந்தப் பக்கம்தான் பதில் சொல்லும்.

அளவு சரி, திறக்கவில்லை என்றால் ஓரிரு துண்டு கெட்டிருக்கலாம். அளவு சரியாக இருப்பதால் உள்ளடக்கமும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோப்பைத் தரும் இடத்தில் எஸ்எச்ஏ-256 என்று, கோப்பின் கைரேகை மாதிரி, 64 எழுத்து நீளத்தில் ஒரு வரி கொடுத்திருப்பார்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது சொடுக்கில் 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்ற பட்டியலில் அதே கணக்கைப் போடலாம். நான் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒப்பிடுவேன். தற்செயலாகக் கெட்ட கோப்பைக் கண்டுபிடிக்க அது போதும். யாராவது வேண்டுமென்றே மாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் முழு வரியையும் ஒப்பிடுங்கள்.

ஒத்துப்போகவில்லையா? அப்போதும் அழிக்காதீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் இங்கேதான் இருக்கிறது. அதே கோப்புக்கு டாரண்ட் (ஒரே சர்வரை நம்பாமல், அந்தக் கோப்பை வைத்திருக்கும் பலரிடமிருந்து துண்டு துண்டாக வாங்கும் முறை) இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகளுக்கு அதிகாரபூர்வமாகவே உண்டு. டாரண்ட் கோப்பு, பெரிய கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் வைத்திருக்கிறது. டாரண்ட் மென்பொருளில் அதைச் சேர்த்து, உடனே ஓட விடாமல் நிறுத்தி வையுங்கள். கெட்ட கோப்பை அது எதிர்பார்க்கும் இடத்தில், அதே பெயரில் வையுங்கள். 'மறுசோதனை' கொடுங்கள். அது ஒவ்வொரு துண்டாகப் பார்த்து, 99.8 விழுக்காடு சரி என்று சொல்லும். தொடங்குங்கள். கெட்ட துண்டுகளை மட்டும் இறக்கிச் சரிசெய்துவிடும். 4.7 ஜிபியில் 10 எம்பிதான் கெட்டிருந்தது என்றால், என் லைனில் ஏறக்குறைய எண்பது நிமிடம் மறுபடி காத்திருப்பதற்குப் பதில் சில நொடி வேலை. நேர்ப் பதிவிறக்கம் அறுந்து அறுந்து வரும் லைனில் முதலிலேயே டாரண்ட் போடுவது புத்திசாலித்தனம். துண்டு துண்டாகச் சரிபார்த்துக்கொண்டே வருவதால் எத்தனை தடவை அறுந்தாலும் அதற்குக் கவலையில்லை.

டாரண்ட் இல்லாத கோப்பு, 500 எம்பித் துண்டுகளாக வந்தது என்றால் செவன்-ஜிப்பில் 'சோதனை' கொடுங்கள். எங்கோ கெட்டிருக்கிறது என்று தெரிந்ததும், அனுப்பியவரிடம் ஒவ்வொரு துண்டின் எஸ்எச்ஏ வரியையும் கேட்டு ஒப்பிட்டு, தப்பானதை மட்டும் மறுபடி இறக்குங்கள். எல்லாக் கோப்பும் தொடர்ந்து கெடுகிறது என்றால் லைனைச் சந்தேகப்படாமல் வட்டையும் கணினி நினைவகத்தையும் சோதியுங்கள்.

"பாதியில் டேட்டா தீர்ந்துவிட்டது"

'வரம்பற்ற' திட்டம் என்று எழுதியிருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கும் திட்டங்கள் நிறைய. சிலவற்றில் குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகம் தரைக்கு இறங்கும். சிறு எழுத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். விண்டோஸில் அந்த வைஃபையை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்துவிட்டால், பின்னால் சத்தமில்லாமல் ஓடும் புதுப்பிப்புகளில் பெரும்பகுதி அடங்கும். மேகச் சேமிப்பு ஒத்திசைவையும் அணைத்து வையுங்கள். நீங்கள் ஒரு கோப்பு இறக்க, அது நாலு கோப்பு ஏற்றிக்கொண்டிருக்கும்.

"எல்லாம் செய்து பார்த்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை"

லைன் நல்ல இடத்துக்கு நீங்கள் போங்கள். கிரீன் லேன் பக்கம் இருக்கும் பினாங்கு டிஜிட்டல் நூலகமோ, ஃபைபர் வைத்திருக்கும் நண்பர் வீடோ. அரைகுறைக் கோப்பையும் மடிக்கணினியோடு எடுத்துப் போய் அங்கே தொடருங்கள். லைன் மாறினாலும் சர்வர் அதேதான், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து போகும்.

அதுவும் இல்லையென்றால் வட்டில் போட்டு அனுப்புங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 8 எம்பிபிஎஸ் லைனில் 500 ஜிபிக்கு ஐந்து நாளுக்கு மேல் ஆகும். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். எந்த லைனும் என் வீட்டுக்கு இதுவரை அந்த வேகத்தைக் கொடுத்ததில்லை. எக்ஸ்ஃபேட் வடிவில் வட்டைத் தயார் செய்து, எஸ்எச்ஏ வரிகளை ஒரு சின்ன உரைக் கோப்பில் போட்டு உடன் வையுங்கள். அசலை அழிக்காதீர்கள். போய்ச் சேர்ந்து சரிபார்த்தாயிற்று என்று செய்தி வரும்வரை உங்களிடமே இருக்கட்டும்.

அக்கா மகனின் 38 ஜிபியும் கடைசியில் அப்படித்தான் போனது. மேகத்தில் ஏற்றியதே நான்தான் என்பதால் அசல் என்னிடம் இருந்தது. அன்று மாலை ரயிலில் கோலாலம்பூர் கிளம்பிய பக்கத்து வீட்டு அண்ணனிடம் வட்டைக் கொடுத்துவிட்டேன். ராத்திரியே அவன் கைக்குப் போய்விட்டது. ஞாயிறு காலை மறுபடி அழைப்பு.

"மாமா, வட்டு வந்துருச்சு. கூட்டாளிக்குக் குடுக்கலாம்னு பென்டிரைவ்ல போட்டேன். 4 ஜிபியில நிக்குது. அழிச்சிட்டு மறுபடியும் போடட்டுமா?"